துறை தாண்டினால் தீவு

மட்டக்களப்பின் வரைபடத்தை விரித்துவைத்துத் தீவு எங்கே என்று தேடுகிறவர்களுக்கு முதலில் அகப்படுவது புளியந்தீவு. நாலு பக்கமும் வாவி சூழ்ந்த, ஐயத்துக்கே இடமில்லாத தீவு. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து ஆண்டு கழித்து 1638இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்ட கோட்டை அதில்தான் நிற்கிறது. மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரி நெடுங்காலம் நடந்ததும் அந்தக் கோட்டைக்குள்தான். ஆனால் பாலத்தில் ஏறி இறங்கி அங்கே பாடசாலைக்கும் தேவாலயத்துக்கும் கடைக்கும் போய்வருகிற எவரும் தாம் ஒரு தீவுக்குள் நுழைந்ததாக நினைப்பதில்லை. அது நகரம், அவ்வளவுதான். அதே வரைபடத்தில் வாவிக்கு மேற்கே பாருங்கள். சூரியன் படுகிற பக்கம் என்பதால் படுவான்கரை. அது தீவே அல்ல. பெருநிலத்தோடு ஒட்டிய தரை, அப்படியே நடந்தால் இலங்கையின் நடுமலை வரைக்கும் போகலாம். இருந்தும் தலைமுறை தலைமுறையாக அங்கே போவதென்றால் துறைக்குப் போய்க் காத்திருந்து, ஆறு கடந்து, அக்கரையில் கால் வைப்பதுதான். வாவியை ஊரார் ஆறு என்றுதான் சொல்வார்கள். நீங்களும் வழி கேட்கும்போது அப்படியே கேளுங்கள்.

இன்னும் உற்றுப் பார்த்தால் வரைபடம் தலைகீழாகிவிடும். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டு. வாவிக்குக் கடலோடு இரண்டு வாய்கள்: வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒன்று. மாரி மழையில் இரண்டு வாயும் திறந்துகொண்டால், பாலங்களும் தாம்போதிகளும் இல்லாத நாளில், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கரைதான் உண்மையான தீவு. ஆக, பஸ் ஓடுகிற, வங்கி இருக்கிற, ஆஸ்பத்திரி இருக்கிற கரை நீரால் சூழப்பட்டிருக்கிறது. நிலத்தோடு ஒட்டியிருக்கிற கரைதான் தொலைவாய்க் கிடக்கிறது. இந்த அத்தியாயம் முழுவதும் வற்புறுத்தப்போவது இதிலிருந்து பிறக்கும் ஒரே கருத்தைத்தான். இந்த வாவிப் பகுதியில் தொலைவை அளப்பது நீர். கிலோமீட்டர் இரண்டாம் பட்சம். பயணத்தை நீரைக் கொண்டு வகுத்தவர் ஒரு தீவின் தனிமையையும் அமைதியையும் முழுதாகக் காண்பார். சாலையைக் கொண்டு வகுத்தவர் பாலத்தின் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்.

இதற்கு முதல் சான்று ஊர்ப்பெயர்கள். மகிழடித்தீவு, வவுணதீவு, ஈச்சந்தீவு, கரையாக்கன்தீவு, போரதீவு, வடக்கே வாழைச்சேனைப் பக்கம் முறுக்கன்தீவு. பேருக்குப் பேர் தீவு. கோடையில் போனால் இவற்றுள் பலவற்றில் தீவுக்குரிய எதையும் காண மாட்டீர்கள்; வயலும் தென்னையும் வண்டிப்பாதையும்தான் தெரியும். மாரியில் வயல் முழுக்க வெள்ளம் பரந்து, மேட்டில் இருக்கும் குடியிருப்பு மட்டும் தலைகாட்டும்போதுதான் பெயரின் நியாயம் புரியும். நீரைப் பார்த்து வைத்த பெயர்கள் இன்னும் உண்டு. அம்பிளாந்துறை என்றால் கடக்கும் இடம். மண்முனை என்றால் நிலம் நீருக்குள் நீட்டியிருக்கும் இடம். முதலைக்குடா, கன்னங்குடா என்றால் நீர் நிலத்துக்குள் வளைந்து புகுந்த இடம். முதலைக்குடாவின் முதற்பாதி அலங்காரத்துக்கு வைத்ததல்ல என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் தோணியில் இருந்து கரையைப் பார்த்தவர்கள். சாலையில் இருந்து பார்க்கிறவருக்குப் பெயர் வெறும் பெயராகவே நின்றுவிடும்.

இரண்டாம் சான்று வாவியின் உடல்வாகு. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமும் 140 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பும் உள்ள நீர்நிலை; ஆனால் ஆழம் நாலு மீட்டரைத் தாண்டுவது அரிது, பல இடங்களில் ஆள் நின்றால் இடுப்பளவுதான். இவ்வளவு ஆழமற்ற நீர் மழைக்கும் காற்றுக்கும் உடனே ஆட்படும். ஐப்பசி கடைசியில் வாடைக்காற்றோடு மழை பிடித்தால் மார்கழி, தை வரைக்கும் ஆண்டு மழையின் பெரும்பகுதி கொட்டித் தீர்த்துவிடும். மேற்கே இருந்து குளங்களின் மிகைநீரும் ஆற்று வெள்ளமும் வந்து சேர, வாவி வீங்கி வயல்களையும் தாழ்ந்த வீதிகளையும் மூடும். அப்போது முகத்துவாரத்தில் கடல் குவித்துவைத்த மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டியதும் வாவி கடலுக்குள் பாயும். 2011 ஜனவரி வெள்ளத்தில் மாவட்டம் முழுவதும் எப்படி மூழ்கிக் கிடந்தது என்பது இன்றைக்கும் இங்கே நாள் குறிக்கும் பேச்சு. மாசி, பங்குனியில் வெள்ளம் வடிந்து வேளாண்மை வெட்டு நடக்கும். சித்திரைக்குப் பின் மேற்கே இருந்து உலர்ந்த கச்சான் வீசத் தொடங்கும். அந்த மாதங்களில் விடியற்காலை வாவி எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்கும். பொழுது ஏற ஏறக் காற்று எழும்பி, நடுப்பகலுக்குப் பின் சின்னத் தோணிகளுக்கு அலை தொந்தரவாக இருக்கும். மாசி நடுவில் இருந்து புரட்டாதி வரை வாருங்கள், விடியற்காலையில் கடவுங்கள் என்று இந்த நூல் சொல்வதற்குக் காரணம் இதுதான். மாரியிலும் போகலாம்; ஆனால் போன கரையில் எத்தனை நாள் இருக்க நேரும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது.

இது இந்த ஊருக்கு மட்டும் உரிய நிலை அல்ல. மத்தியதரைக் கடலில் கிரேத்தா தீவுக்குத் தெற்கே காவ்டோஸ் என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. கிரேக்க நாட்டின் தென்கோடி அது. அங்கே போக விரும்புகிறவர்களுக்கு வழிகாட்டி நூல்கள் சொல்லும் முதல் எச்சரிக்கை, கடல் கொந்தளித்தால் கப்பல் வராது, திரும்பும் நாளை இறுக்கமாக வைக்காதீர்கள் என்பதுதான். சிசிலிக்கு வடக்கே உள்ள அலிக்கூடியில் கார் ஓடும் வீதியே இல்லை. சுமையை இன்றும் படிக்கட்டுப் பாதைகளில் கோவேறு கழுதைகள் ஏற்றுகின்றன. அத்தகைய இடங்களைத் தேடி ஆயிரக்கணக்கான மைல் பறந்து போகிறவர்கள் தேடுவது கடற்கரையை அல்ல. கடற்கரை எங்கும் இருக்கிறது. கடப்பதற்கு நேரம் எடுக்கிற, கடந்தபின் அவசரப்பட முடியாத ஓர் இடத்தைத் தேடுகிறார்கள். மட்டக்களப்புக்கு வருகிற பயணிகளில் பெரும்பாலோர் பாசிக்குடாவில் குளித்துவிட்டுக் கல்லடிப் பாலத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் தேடியது ஆற்றுக்கு அந்தப் பக்கம், பத்து நிமிடக் கடவையில் இருந்தது.

அந்தக் கடவைக்கு இங்கே பெயர் பாதை. சாலை என்ற பொருளில் அல்ல. மிதவைகளின் மேல் தளம் பரப்பி, இரு முனையிலும் ஏறி இறங்கும் பலகை வைத்து, இயந்திரத்தால் ஓட்டப்படும் மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். பாதை போயிற்று, பாதை வருது என்று துறையில் சொன்னால் அதைத்தான் சொல்கிறார்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே, குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே, வடக்கே சந்திவெளிக்கும் திகிலிவெட்டைக்கும் இடையே, கிண்ணையடிக்கும் முறுக்கன்தீவுக்கும் இடையே எல்லாம் மக்கள் நீர்வழியாகவே கடந்து பழகியவர்கள். காலையில் துறைக்குப் போய் நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிளை உருட்டி ஏற்றும் ஆசிரியர், உரப்பையோடு வயலுக்குப் போகிறவர், தயிர் முட்டிகளை ஈரச் சாக்கு விரித்து அடுக்கியிருப்பவர், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள். பாதை கரையை விட்டு விலகும்போது எல்லாரும் கொஞ்சம் நடுவே நகர்ந்து நிற்பார்கள், யாரும் சொல்லாமலே. ஏற்றம் ஒரு பக்கம் சாயாமல் இருக்க. இயந்திரச் சத்தத்தில் பேச்சு நின்றுவிடும். தண்ணீரில் நட்ட கம்புகளின் தலையில் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். கட்டுவலை கட்டியிருக்கும் இடங்களைச் சுற்றிக்கொண்டு பாதை போவதையும் கவனிப்பீர்கள். கண்ணுக்கு வெட்டவெளியாகத் தெரிகிற வாவி, அங்கே வாழ்கிறவர்களுக்கு வரம்பு கட்டிய வயல்போல் பங்கிடப்பட்டிருப்பது அப்போதுதான் புலப்படும்.

யார் கடக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் இரு கரையின் உறவும் தெரியும். எழுவான்கரையில் கடல், தென்னை, சந்தை, பெரிய பாடசாலைகள். படுவான்கரையில் வயல், மாடு, தயிர், தேன், விறகு. எழுவான்கரையில் குடியிருந்து படுவான்கரையில் வயல் செய்கிற குடும்பங்கள் ஏராளம். ஒரு கரையின் சோறும் மறு கரையின் கறியும் சேர்ந்தால்தான் சாப்பாடு. அதனால்தான் இங்கே கடப்பது ஒரு சுற்றுலாக் காட்சியாக இல்லாமல் அன்றாட வேலையாக இருக்கிறது. அன்றாட வேலைக்கு நடுவே இடம் கேட்டு ஏறுகிற விருந்தாளியாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அது துறையிலும் பாதையிலும் எப்படி நடந்துகொள்வது என்ற கேள்விகளில் பாதிக்கு விடை தந்துவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். பாதையில் போங்கள் என்று வெளியூராருக்குச் சொல்வது, ஊர் மக்கள் பல காலம் பட்ட இடரை அழகாகக் காட்டுவது ஆகாதா? பிரசவ வலியில் துடித்த பெண்ணோடு இரவில் துறையில் நின்றவர்களுக்கு, பரீட்சை நாளில் பாதை வராமல் தவித்த பிள்ளைகளுக்கு, வெள்ளத்தில் விலைப்படாமல் போன நெல்லோடு நின்ற விவசாயிக்கு, பாதை இனிய அனுபவம் அல்ல. அவர்கள் பாலம் கேட்டார்கள். கேட்டது முழு நியாயம். மண்முனையில் பாதை ஓடிய இடத்தில் ஜப்பானிய உதவியோடு கட்டிய பாலம் 2014இல் திறக்கப்பட்டபோது கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்களுக்கு அது பெரிய விடுதலை. கல்லடியில் 1924இல் கட்டிய லேடி மானிங் பாலத்துக்கு அருகே 2013இல் புதிய பாலம் திறந்ததும் அப்படியே. இந்த நூல் எந்தத் துறையிலும் பாலம் வரக்கூடாது என்று விரும்பவில்லை. வர வேண்டும் என்றே விரும்புகிறது. ஆனால் ஊராருடைய தேவையும் பயணியின் தேவையும் ஒன்றல்ல. ஊராருக்கு வேகம் வேண்டும், பயணிக்கு நிதானம் வேண்டும். வெனிஸ் நகரை நிலத்தோடு இணைக்கும் ரெயில் பாலம் 1846இல் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அந்த வாவியின் கோடியில் கிடக்கும் தொர்ச்செல்லோத் தீவுக்குப் படகில் போகிறவர்கள் ஊராரின் வசதியைப் பறிக்கவில்லை. ஆகவே இப்படிச் செய்யுங்கள்: ஒரு வழி நீரில், மறு வழி பாலத்தில். போகும்போது குருமண்வெளித் துறையாலோ குருக்கள்மடத் துறையாலோ கடந்து, திரும்பும்போது மண்முனைப் பாலத்தாலோ பட்டிருப்புப் பாலத்தாலோ வாருங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்தவருக்குத்தான் பாலம் எதை மாற்றியது என்பதும் புரியும். நீங்கள் போகும் காலத்தில் ஒரு துறையில் பாதை நின்று பாலம் வந்திருக்கலாம். புறப்படுமுன் களுவாஞ்சிக்குடியில் எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள்.

வாவி தொலைவை உண்டாக்கியதற்கு மழையும் ஆழமும் மட்டும் காரணம் அல்ல. போர்க் காலத்தில் இந்த நீர் எல்லைக்கோடாகவே இருந்தது. எழுவான்கரை அரச படைகளின் கையில், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கையில் என்று ஆண்டுகள் கடந்தன. 2007இல்தான் அந்த நிலை முடிந்தது. அந்தக் காலத்தில் துறைகள் சோதனைச் சாவடிகளாயின. கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பக்கம் 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் பொதுமக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அந்த இரு நாள்களையும் ஊர் மறக்கவில்லை. உங்களை வரவேற்றுத் தேத்தண்ணி தருகிற வீட்டில் அதில் ஒருவரை இழந்தவர் இருக்கலாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். நினைவிடத்தைப் படம் எடுப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

அடுத்த மறுப்பு இதைவிட எளியது: அங்கே பார்க்க என்ன இருக்கிறது? பகலில் போய்ப் பகலில் திரும்பினால் இந்தக் கேள்வி நியாயமானதே. வயலும் கோயிலும் கண்டலும் பார்த்து முடிந்துவிடும். படுவான்கரையின் செல்வம் பெரும்பாலும் இரவுக்கும் பருவத்துக்கும் உரியது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறக்கும். ஆண்டின் மற்ற நாள்களில் பூட்டியிருக்கும் கோயில்கள் அந்தச் சில நாள் முழு ஊரையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டு குளிர்த்திச் சடங்கோடு நிறைவுறும். தமிழ்நாட்டில் கண்ணகி காப்பியத்தின் தலைவி; இங்கே அவள் மழையும் நோய் தீர்க்கும் குளிர்ச்சியும் தருகிற அம்மன். இந்த ஒரு வேறுபாட்டைக் கண்ணால் காண்பதற்காகவே வைகாசியில் வரலாம். கூத்தும் அப்படித்தான். வடமோடி, தென்மோடி இரண்டும் இன்றும் உயிரோடு ஆடப்படும் ஊர்கள் இங்கே உண்டு. வட்டக் களரியைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்தால், அண்ணாவியாரின் மத்தளம் விடியும் வரை ஓயாது. கடைசிப் பாதைக்கு ஓட வேண்டிய பயணிக்குக் கூத்தின் வரவுப் பாட்டுகூட முழுதாய்க் கிடைக்காது.

கோயில்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம் படுவான்கரையின் பெருங்கோயில். அங்கே தேரோட்ட நாளில் இரு கரையும் ஒன்றாகிவிடும். தெற்கே மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் திரைக்குப் பின்னால், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை நடக்கும். மந்திர ஒலியை எதிர்பார்த்துப் போகிறவரை அந்த மௌனம் திடுக்கிட வைக்கும். ஊரைத் தில்லை மண்டூர் என்றும் சொல்வதுண்டு. வாவிக்கரைச் சேற்றில் நிற்கும் தில்லை மரத்தால் வந்த பேர். அந்த மரத்தின் கிளையை முறிக்காதீர்கள். முறித்த இடத்தில் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், தோலில் பட்டால் கொப்புளம் போடும். கண்டல் காட்டுக்குள் தோணியில் போகும்போது முகத்துக்கு நேரே வரும் கிளையைக் கையால் விலக்குவது எல்லாருக்கும் இயல்பு. அந்த இயல்பை இங்கே அடக்கிக்கொள்ளுங்கள். தோணிக்காரர் துடுப்பால் விலக்குவார்.

வாவியின் மிகப் பெயர்பெற்ற செய்தியும் இரவுக்கு உரியதுதான். மட்டக்களப்புக்கு வழங்கும் மீன் பாடும் தேன் நாடு என்ற பெயரில் பாடுவது எது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. எமர்சன் டெனென்ட் 1859இல் வெளியிட்ட தம் இலங்கை நூலில் இந்த ஒலியை விரிவாக எழுதினார். அது சிப்பியினத்து உயிர் ஒன்றிலிருந்து வருகிறது என்று அவர் கருதினார். அவருக்கு ஊரார் சொன்னதும் ஊரி என்று அழைக்கும் அந்த உயிரைத்தான். 1950களில் லாங் என்ற அமெரிக்க இயேசு சபைத் துறவி நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதைப் பதிவு செய்தார். சுவாமி விபுலானந்தர் இந்த ஒலியை நீரரமகளிர் இசையாகப் பாட்டில் கொண்டாடினார். யாழ் நூல் எழுதியவர் பிறந்தது இந்த வாவிக்குத் தெற்கே காரைதீவில் என்பதையும், அவர் அடங்கியிருப்பது கல்லடியில் என்பதையும் சேர்த்து நினைத்தால் அவருடைய காது எங்கே பழகியது என்பது விளங்கும். கேட்க விரும்பினால் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையே, காற்று அடங்கிய நிலாக்கால இரவில் போங்கள். பூரணையை அடுத்த நாள்கள் நல்லவை. பாலத்தில் நின்றால் வாகனச் சத்தம்தான் கேட்கும். தோணியை நடு வாவியில் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறு முனையைக் காதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் இரத்த ஓட்டம் கேட்கும், பிறகு தோணியின் பலகை நெகிழ்வது கேட்கும். அவை அடங்கிய பின்னரே நரம்பை விரலால் தொட்டுவிட்டது போன்ற மெல்லிய ஒலி மரத்தின் வழியே ஏறிவரும். வராமலும் போகலாம். ஒரு மணிநேரம் வாடகைக்குப் பேசிய படகில் இதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. பொறுத்திருக்க நேரம் வைத்துக்கொண்டவர்களுக்கே வாய்ப்பு.

ஆபத்துகளை மறைத்து எழுதும் வழிகாட்டி நூலால் பயனில்லை. வாவியில் முதலை உண்டு. மீன்பிடிப்பவர்களைப் பிடித்ததும் உண்டு. ஊரார் குளிக்கும் இடத்தில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் தவிர இறங்காதீர்கள்; அந்தியில் கரையோரச் சேற்றில் தனியாக நடக்க வேண்டாம். வயலுக்கு மேற்கே காட்டோரக் கிராமங்களில் பொழுது சாய்ந்தால் யானை வரும். வெல்லாவெளிப் பக்கமோ வவுணதீவுக்கு உள்ளேயோ இரவில் மோட்டார் சைக்கிளில் போவதை ஊரில் உள்ளவர்களே தவிர்ப்பார்கள். ஐந்தரை மணிக்குப் பிறகு ஒருவர் உங்களைப் புறப்பட வேண்டாம் என்று சொன்னால் வாதாடாமல் தங்கிவிடுங்கள். பாதையிலும் தோணியிலும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் தாமே கொண்டுபோவது மேல். ஏற்றம் அதிகமாகத் தெரிந்தால் அடுத்த தடவைக்கு நில்லுங்கள். கச்சான் காலத்து வெயில் கடுமையானது. நீரின் மேல் இன்னும் கடுமை. தொப்பி, குடிக்க ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், நுளம்புக்கு எண்ணெய், ஒரு ரோச் லைட், மழைக்காலமானால் கைப்பேசிக்கு ஒரு பொலித்தீன் உறை. சில்லறையாகக் காசு வைத்திருங்கள்.

இப்படி எல்லாரும் புறப்பட்டு வந்தால் அந்த அமைதி கெட்டுவிடாதா என்பதுதான் மூன்றாவது மறுப்பு, எனக்கு மிகவும் கனமாகப் படுவதும் அதுவே. கெடக்கூடும். ஆனால் கெடுப்பது ஆள் தொகை மட்டும் அல்ல, வரும் முறையும்தான். இயந்திரப் படகில் வேகமாக வந்து, கட்டுவலையை அறுத்துக்கொண்டு, கண்டலுக்குள் பறவைக் கூட்டத்தைக் கலைத்து, அரை மணியில் திரும்பும் பத்துப் பேரால் ஊருக்கு ஒரு ரூபாயும் சேராது; வலை மட்டும் போகும். பாதையில் ஏறி வந்து, ஊர்க் கடையில் சாப்பிட்டு, ஊர்த் தோணியைப் பேசி, ஒரு இரவு தங்கிப் போகும் இரண்டு பேரால் ஊருக்கு வருவாயும் உண்டு, பாரமும் குறைவு. கண்டல் வேர்களுக்கு இடையேதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. அங்கே போடும் பிளாஸ்டிக் யாருடைய கறிச்சட்டியில் போய் முடியும் என்று நினைத்துப் பாருங்கள். அத்தாங்கு பிடித்து இடுப்பளவு தண்ணீரில் இறால் தேடும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வேலை செய்யும் நேரம்.

தங்குவதற்குப் படுவான்கரையில் விடுதிகள் குறைவு. அங்கே ஆசிரியராகவோ உத்தியோகத்தராகவோ இருக்கும் ஒருவரைத் தெரிந்தால் முன்கூட்டியே சொல்லி வீட்டில் ஒழுங்கு செய்வது நல்லது. அப்படிப் போனால் வெறுங்கையோடு போக வேண்டாம். எழுவான்கரை மீனும் நகரத்துப் பாணும் அங்கே எப்போதும் வரவேற்கப்படும். கோயில் சடங்குக் காலமானால் பல வீடுகளில் மரக்கறிதான். அப்போது மீனை எடுத்துப் போகாதீர்கள், பழம் கொண்டுபோங்கள். துறையில் பாதை ஓட்டுபவரை அண்ணன் என்று கூப்பிட்டால் போதும். வீட்டுப் பெரிய பெண்களுக்கு அம்மா. காத்தான்குடியில் இறங்கி வழி கேட்டால் காக்கா. தெரிந்தவர் யாரும் இல்லாதவர்கள் களுவாஞ்சிக்குடியிலோ மட்டக்களப்பு நகரிலோ தங்கி, விடியலில் கடந்து, பொழுது சாயுமுன் திரும்பலாம். கூத்தோ குளிர்த்தியோ நடக்கும் நாளைக் கேட்டறிந்து அந்த நாளில் மட்டும் இரவுக்கு நிற்கலாம். அத்தகைய இரவில் கோயில் வெளிதான் ஊரின் வீடு. பாய் ஒன்று இருந்தால் போதும்.

கொழும்பில் இருந்து வருகிறவர்களுக்கு உதயதேவி ரெயில் வசதி. ஏறத்தாழ ஒரு பகல் பயணம். மட்டக்களப்பில் இறங்கி அன்றிரவு நகரில் ஓய்வெடுங்கள். மறுநாள் விடியுமுன் கல்முனைப் பஸ்ஸில் ஏறிக் களுவாஞ்சிக்குடியில் இறங்கினால் குருமண்வெளித் துறைக்கு ஓட்டோ இருக்கும். துறையில் இறங்கியதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அடுத்த பாதை எப்போது என்பதல்ல. கடைசிப் பாதை எப்போது என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு மணிநேரத்தைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள பொழுதை மண்டூரில் செலவழியுங்கள். நீரிலேயே திரும்பாமல், மாலையில் பழுகாமம் பக்கமாக வந்து பட்டிருப்புப் பாலத்தில் ஏறினால், வெயில் தாழும் நேரத்தில் பாலத்தின் நடுவில் நின்று காலையில் கடந்த நீரை மேலிருந்து பார்க்கலாம். கட்டுவலைக் கம்புகளின் வரிசை அப்போது தெளிவாகத் தெரியும்.